பூட்டிய கதவைத் தட்டிய தாய்

இன்று ஒரு வரலாற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். இது அரசர்களின் வரலாறன்று. பள்ளிக்கூடக் கதவு தங்கள் பிள்ளைகளுக்குத் திறக்காதபோது, தாங்களே ஒரு கதவைச் செய்துகொண்ட பெற்றோரின் வரலாறு.

2004ஆம் ஆண்டில் நான் பயிற்சிக் கல்லூரியை முடித்து, ஒரு தோட்டப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பால்மரம் வெட்டும் ஒரு தாய் தம் ஏழு வயது மகனை அழைத்து வந்தார். பையன் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். மற்ற பிள்ளைகள் ஓடியாடும்போது, அவன் ரப்பர் கொட்டைகளை ஒரு கோடு போல வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பான். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு அந்தத் தாயிடம், "அக்கா, இவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்.

அந்தப் பையனுக்கு இருந்தது ஆட்டிசம். தமிழில் மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள். இது தொற்றுநோயன்று, கண்ணேறுமன்று, முன்வினையுமன்று. பிறப்பிலேயே மூளை வளரும் விதத்தில் அமையும் வேறுபாடு. பெரும்பாலும் மரபணுக்களோடு தொடர்புடையது. பேசுவதும் பழகுவதும் இவர்களுக்கு எளிதாக வருவதில்லை. ஓசையும் வெளிச்சமும் சிலருக்குத் தாங்க முடியாத வேதனையைத் தரும்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர், இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதன்பின் சில ஆண்டுகள் ஒரு கொடுமை நடந்தது. தாயின் மனம் பனிக்கட்டி போலக் குளிர்ந்திருப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். நம் லயத்தில் "வயிற்றில் இருக்கும்போது என்ன செய்தாளோ" என்று பேசுகிறார்களே, அதே பேச்சுதான் அங்கே ஆங்கிலத்தில் நடந்தது! 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அது தவறு என்று சான்றுகளோடு ஒரு நூல் எழுதினார். அவரும் இப்படி ஒரு பிள்ளையின் தந்தைதான். லண்டனில் பெற்றோர் 1962இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். மூன்றாண்டுகளில் அந்தச் சங்கம் ஒரு பள்ளியையே திறந்தது. சிபில் எல்கர் என்ற ஆசிரியை அதை நடத்தினார். படிக்கவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் அங்கே படித்தார்கள்.

இனி நமக்குப் பக்கத்திலிருக்கும் சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே டெனிஸ் புவா என்ற சீனப் பெண்மணி தனியார் நிறுவனங்களில் உயர்ந்த பதவி வகித்தவர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. பணமும் படிப்பும் இருந்தும், மகனுக்கேற்ற பள்ளி எது என்ற கேள்வி அவரையும் விடவில்லை. 2000ஆம் ஆண்டில் பெற்றோரும் தொண்டர்களும் சேர்ந்து ஆட்டிசம் வள நிலையத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதனோடு இணைந்து உழைத்தவர்களில் டெனிஸ் புவா ஒருவர். 2004 ஜனவரியில் 41 மாணவர்களோடு பாத்லைட் பள்ளி திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். நான் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பிய அதே ஆண்டுதான் அது. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்பள்ளியின் சிறப்பு என்ன? மற்ற பள்ளிகளில் உள்ள அதே பாடத்திட்டத்தை அங்கே நடத்தினார்கள். அதோடு பேருந்தில் போவது, கடையில் பொருள் வாங்குவது, பிறரிடம் உதவி கேட்பது ஆகிய வாழ்க்கைப் பாடங்களையும் கற்பித்தார்கள். சொல்லிக்கொடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. வாயால் சொன்ன சொல் காற்றோடு போய்விடும். படம் கண்முன்னே நிற்கும். அதனால் இத்தகைய பிள்ளைகளுக்கு அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுவார்கள். முதலில் எழுத்து, அடுத்து சாப்பாடு, பிறகு விளையாட்டு. அடுத்து என்ன வருமென்று தெரிந்தால் பிள்ளையின் பயம் குறையும். பயம் குறைந்தால் அலறலும் குறையும். 41 பேரோடு தொடங்கிய அந்தப் பள்ளியில் பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். அரசாங்கத் தேர்வுகளில் தேறியவர்களும் அவர்களில் உண்டு.

2005இல் டெனிஸ் புவா வேலையை விட்டு முழுநேரத் தொண்டரானார். மறு ஆண்டில், நாம் தீபாவளிச் சாமான் வாங்கப் போகும் தேக்காவுக்குப் பக்கத்திலுள்ள ஜாலான் புசார் தொகுதியில் நாடாளுமன்ற உறுப்பினரானார். அங்கே அவர் விடாமல் எழுப்பியது ஒரு கேள்வி. சிங்கப்பூரில் 2003ஆம் ஆண்டிலிருந்து தொடக்கக் கல்வி கட்டாயம். ஆனால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதில் விலக்கு அளித்திருந்தார்கள். விலக்கு என்பது கேட்பதற்குச் சலுகை போலிருக்கும். உண்மையில், பிள்ளை பள்ளிக்கு வராவிட்டாலும் கேட்பதற்கு ஆளில்லை என்றுதான் அதற்குப் பொருள். இந்த நிலை மாற 16 ஆண்டுகள் ஆயின. 2019 முதல் அந்தப் பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்தார்கள். பெற்றோர், ஆசிரியர், அதிகாரிகள் எனப் பலர் உழைத்து வந்த மாற்றம் இது. அதில் டெனிஸ் புவாவின் குரலுக்கும் பங்குண்டு.

தேக்காவில் ரயிலேறி வடக்கே போனால் செங்காங் வரும். இன்று அது அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகர். ஒரு காலத்தில் அவ்வட்டாரத்திலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. அங்கே ஓடும் சிறு ரயிலின் நிலையம் ஒன்றுக்குத் 'தங்கம்' என்று நம் தமிழ்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். அடுத்த நிலையம் ஃபெர்ன்வேல். அந்தப் பெயரிலுள்ள சாலையில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி நடக்கிறது. மைண்ட்ஸ் என்ற சங்கம் அதை நடத்துகிறது. பால்மரம் நின்ற மண்ணில், வீட்டில் முடங்கியிருக்க வேண்டிய பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று நீங்கள் நினைக்கலாம். பணம் வேண்டியதுதான். ஆனால் லண்டனிலும் சிங்கப்பூரிலும் பணம் வருவதற்கு முன்னால், "என் பிள்ளைக்கும் இடம் வேண்டும்" என்று கேட்ட தாய் தகப்பன் வந்தார்கள். நம் மலேசியாவிலும் 2019 முதல், சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை நடப்புக்கு வந்தது. கேட்பவருக்குத்தான் அது பயன்படும்.

தாய்மார்களே, ஒன்றரை வயதாகியும் பிள்ளை பெயருக்குத் திரும்பவில்லையா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லையா? பேசிய சொற்களும் நின்றுபோயினவா? அரசாங்கச் சுகாதார நிலையத்துத் தாதியிடம் சொல்லுங்கள். மந்திரிப்பவரிடம் மாதக்கணக்கில் அலைந்து காலத்தைப் போக்காதீர்கள். பள்ளி வயது வந்ததும் தலைமையாசிரியரைப் பார்த்துச் சிறப்புக் கல்வி வகுப்பு எங்கே இருக்கிறதென்று கேளுங்கள். ஆசிரியர் தயங்கினால் மீண்டும் கேளுங்கள்.

நான் திருப்பி அனுப்பிய பையன் இன்று வளர்ந்த ஆண்பிள்ளை. பள்ளி வாசலை மிதிக்காமலே வளர்ந்துவிட்டான். சில ஆண்டுகளுக்கு முன் அவன் தாயைக் கண்டு மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கும் அப்போது தெரியாதுதானே, சார்" என்றார். இப்போது எனக்குத் தெரியும். இதைக் கேட்ட உங்களுக்கும் தெரியும். இனி ஒரு பிள்ளை திருப்பி அனுப்பப்பட்டால், தெரியாது என்று சொல்ல நம்மில் யாருக்கும் வழியில்லை.