கயிறும் சட்டமும்

பெங்களூருக்கு வரும் தமிழர் விதான சௌதாவைப் பாராது திரும்புவது அரிது. 1951 ஜூலை 13ஆம் நாள் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். கெங்கல் அனுமந்தையாவின் பெருமுயற்சியால் எழுந்த அம்மாளிகை 1956இல் நிறைவுற்றது. அதன் கருங்கற் சுவர்களைப் புகழ்வோர் பலர். அக்கற்கள் மேலேறிய வகையை எண்ணுவோர் சிலரே. கல்தச்சரும் கொத்தரும் கூலியாட்களும், அவர்களோடு சிறைவாசிகளும் அங்கே உழைத்தனர். பாரம் மேலேறுங்கால் கீழே நிற்கும் இத்தகைய மக்களுக்குச் சட்டம் என்ன காவல் அளித்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாரந்தூக்கிகளையும் அவற்றின் சங்கிலி, கயிறு முதலியவற்றையும் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையேனும் தகுதியுடையார் ஒருவர் நுணுகிச் சோதித்தல் வேண்டும் என விதித்தது. ஆனால் கட்டட வேலை நடக்கும் இடம் தொழிற்சாலை ஆகாது. ஆகவே, ஆலைக்குள் சோதனைக்கு உட்பட்ட அதே கயிறு, கட்டடக் களத்தில் அவ்விதிக்குப் புறம்பாயிற்று. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இருந்தது மெய்யே. எனினும் அது கையோ உயிரோ போன பின்னர்ப் பணம் கொடுப்பிக்கும் சட்டம்.

சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமோ 1937இலேயே கட்டட வேலைப் பாதுகாப்புக்கெனத் தனி உடன்படிக்கை ஒன்றை இயற்றியிருந்தது. சங்கிலி, கொக்கி ஒவ்வொன்றும் தாங்கும் பாரத்தை அறிதல் வேண்டும். பாரந்தூக்கியை இயக்குபவர் தகுதி பெற்றவராதல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. நம் நாட்டில் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டம் பிறக்க மேலும் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.

பழகிய கண் இருக்க விதி எதற்கு எனச் சிலர் வினவலாம். ஒரு டன் பாரத்தை இரு கயிறுகள் நேர் செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றின் மேலும் விழுவது அரை டன். அவ்விரு கயிறுகளும் அகன்று, கிடைமட்டத்தோடு முப்பது பாகைக் கோணத்திற்குச் சாய்ந்தால், ஒவ்வொன்றும் ஒரு டன் இழுவையைத் தாங்க நேரும். பாரம் கூடவில்லை, கயிறு படும் பாடு இரட்டிக்கிறது. இதனைக் கண்ணால் அளத்தல் இயலாது.

நிற்க. 1983 செப்டம்பர் 12ஆம் நாள், பெங்களூரில் கட்டப்பட்டு வந்த கங்காராம் கட்டடம் இடிந்து 123 பேர் மாண்டனர். அது பாரந்தூக்கியால் நேர்ந்த விபத்தன்று. எனினும் கட்டடக் களத்தின் காவலற்ற நிலையை ஊரறியச் செய்தது. 1985 முதல், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான தேசிய இயக்கக் குழு கட்டடத் தொழிலாளர்க்குத் தனிச் சட்டம் கோரிப் போராடியது. 1996இல் அச்சட்டம் வந்தது.

அதன்கீழ் 1998இல் மத்திய அரசு வகுத்த விதிகள் மிக நுட்பமானவை. கம்பிக் கயிற்றின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளமுள்ள எப்பகுதியிலும், அறுந்து தெரியும் இழைகள் மொத்த இழைகளில் பத்து சதவீதத்திற்கு மேற்படின், அக்கயிற்றைப் பயன்படுத்தலாகாது. கர்நாடக மாநிலம் தன் விதிகளை 2006இல் இயற்றியது. பின்னர் அச்சட்டமும் தொழிற்சாலைச் சட்டமும் உட்படப் பதின்மூன்று சட்டங்கள் 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் ஒன்றாக்கப்பட்டன. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. 2023 ஜனவரி 10ஆம் நாள், நாகவாரா அருகே மெட்ரோத் தூணுக்கென நிறுத்தியிருந்த இரும்புக் கம்பிக்கூடு சாலையில் சாய்ந்து, அவ்வழியே சென்ற ஒரு தாயும் அவர்தம் குழந்தையும் இறந்தனர்.

பெங்களூரின் கட்டடக் களங்களில் இன்று தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியும் கலந்து ஒலிக்கின்றன. அங்கே பாரந்தூக்கியை நடத்துவது கைச் சைகையே. சைகை காட்டுதற்கு ஒருவரே உரியர். ஆயினும் 'நிறுத்து' என்னும் சைகையை மட்டும் யார் காட்டினும் ஓட்டுநர் பணிதல் வேண்டும் என்பது இத்தொழிலின் உலக மரபு. நேற்று ஊரிலிருந்து வந்த, மொழி அறியாத சிற்றாளுக்கும் அவ்வுரிமை உண்டு. அதனை அவர்க்கு முதல் நாளிலேயே எடுத்துரைத்தல், அவருக்கு முன்னே இங்கு வந்து வேலை பழகிய நம்மவர் கடனாகும்.