13 டன் தங்கமும் உயிலில் ஒரு சொல்லும்

ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸைத் தேடத் தொடங்கியபோது முதலில் அகப்பட்டது ஓர் எடைக் கணக்கு. 1837-இல், 23 வயதில், அவருக்கு வந்த சொத்து சுமார் 18 லட்சம் பவுண்டு. தங்க நாணயமாக்கினால் அது 13 டன்னுக்குச் சற்று மேல் என்று எழுதியது அன்றைய லண்டன் பத்திரிகை ஒன்று. அந்த நாணயம் சாவரின். நம் நகைக்கடைகளில் சவரன் என்பது அதன் எடைதான், ஏறக்குறைய 8 கிராம். பெருக்கிப் பார்த்தேன். 14 டன்னைத் தாண்டியது. சிறிய முரண்தான், ஆனால் அந்த 18 லட்சம் எண்ணி வைத்த பணமா, மதிப்பிட்ட தொகையா என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது.

வங்கியாளர் தாமஸ் கூட்ஸ் அவருடைய தாய்வழித் தாத்தா. தாத்தா பேத்திக்கு வைத்துப்போன செல்வம் என்றே நானும் குறித்திருந்தேன். தவறு. 1822-இல் தாமஸ் இறந்தபோது எல்லாம் போனது இரண்டாம் மனைவி ஹாரியட் மெல்லனுக்கு. மேடை நடிகையாக இருந்தவர். பின்னாளில் செயின்ட் ஆல்பன்ஸ் கோமகனை மணந்தவர். இரத்த உறவே இல்லாத அந்தப் பெண்மணி, கணவருடைய பேரப்பிள்ளைகளுள் எல்லோருக்கும் இளைய ஏஞ்சலாவைத் தேர்ந்தெடுத்தார்.

ஹாரியட்டின் உயில்தான் முடிச்சை அவிழ்த்தது. வங்கிப் பங்கு பொறுப்பாளர்கள் கையில். வருமானம் மட்டும் ஏஞ்சலாவுக்கு, ஆயுள் உள்ளவரை. நம் பத்திரங்களில் ‘ஆண்டனுபவித்து வரலாம், பராதீனம் செய்யக் கூடாது’ என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அப்படி. பராதீனம் என்றால் விற்பது, ஈடு வைப்பது, பிறருக்கு எழுதிக் கொடுப்பது. இங்கிலாந்தின் பெரும் செல்வி என்று பேர் பெற்றவருக்கு முதலைத் தொடும் உரிமை இல்லை. கூடவே ஒரு நிபந்தனை: ‘ஏலியன்’ ஒருவரை, அதாவது பிரிட்டிஷ் முடியின் குடியல்லாதவரை, மணந்தால் உரிமை பறிபோகும்.

ஏஞ்சலாவின் குரலைக் கேட்க நாவலாசிரியர் டிக்கன்ஸின் கடிதங்களுக்குப் போனேன். ஆதரவற்ற பெண்களுக்காக 1847-இல் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் திறந்த யுரேனியா இல்லத்துக்குப் பணம் ஏஞ்சலாவுடையது, மேற்பார்வை டிக்கன்ஸுடையது. டிக்கன்ஸ் ஏஞ்சலாவுக்கு எழுதியவை 500-க்கு மேல் கிடைக்கின்றன. தமக்கு வந்த கடிதக் குவியலை 1860-இல் டிக்கன்ஸே எரித்துவிட்டார். ஆகவே பதிலை வைத்துத்தான் கேள்வியை ஊகிக்க வேண்டும். அப்பெண்களின் உடைக்கு நிறம் வேண்டும் என்று டிக்கன்ஸ் வாதாடும் இடத்தில், வேண்டாம் என்ற ஏஞ்சலா ஒரு கணம் தெரிகிறார். அந்த இடத்தில் நெடுநேரம் நின்றேன்.

அந்த ‘ஏலியன்’ 44 ஆண்டுகள் உறங்கினான். 1881 பிப்ரவரியில், 66 வயதில், ஏஞ்சலா தம் செயலாளர் வில்லியம் ஆஷ்மீட் பார்ட்லெட்டை மணந்தார். மணமகனுக்கு 29 வயது; பிறந்தது அமெரிக்காவில். வயது வித்தியாசத்தைப் பற்றி ஊர் பேசியது, விக்டோரியா அரசியும் முகம் சுளித்தார். உயிலோ பிறந்த மண்ணை மட்டுமே பார்த்தது. மணமகனின் முன்னோர் பிரிட்டிஷ் குடிகள் என்ற வாதம் முழுதாக எடுபடவில்லை. முடிவு சமரசம்: வருமானத்தில் ஐந்தில் மூன்று பங்கு அக்கா கிளாராவுக்கு, இரண்டு பங்கு ஏஞ்சலாவுக்கு.

மணத்துக்குப் பிந்திய ஆவணங்களில் வில்லியமின் பெயரைத் தேடுகிறவர் பார்ட்லெட் என்று தேடினால் தவறவிடுவார். மனைவியின் பெயரை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்: வில்லியம் பர்டெட்-கூட்ஸ்.