மலைச் சரிவும் இயக்க விதிகளும்

மலை அசையாதது என்பது நம் முன்னோர் கொண்ட கருத்து. வடமொழியில் மலைக்கு 'அசலம்' என்றே ஒரு பெயர் உண்டு. அருணாசலம், வேங்கடாசலம் என்று நம் பிள்ளைகளுக்கும் அப்பெயரை இட்டு வருகிறோம். ஆனால், அசையாத மலையின் மேல் படிந்துள்ள மண் அசையக் கூடியது. அஃது ஏன் அசைகிறது, எப்பொழுது அசைகிறது என்னும் வினாவுக்கு விடை காண அறிஞர்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகள் உழைத்தனர். அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, நெய்யாற்று நீர்த்தேக்கத்தை அடுத்து, அம்பூரி என்னும் மலையடிவாரச் சிற்றூர் உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு வட்டம் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தபோது, அம்பூரி அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. 2001-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, பெருமழையின் நடுவே, அவ்வூரில் குன்றின் சரிவு ஒன்று பெயர்ந்து வீடுகளின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதற்கு முந்திய பல்லாண்டுகள் அந்த மண் அதே சரிவில்தான் நின்றது. அன்று மட்டும் அது பெயர்ந்தது ஏன்?

நிற்கும் பொருளின் மேல் எந்த விசையும் இல்லை என்றே நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். இத்தாலிய அறிஞர் கலிலியோ சாய்தளத்தில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து, தாம் கண்டவற்றை 1638-இல் நூலாக வெளியிட்டார். 1687-இல் நியூட்டன் மூன்று இயக்க விதிகளை வகுத்தார். முதல் விதியின்படி, ஒரு பொருள் நிலைத்து நிற்கிறது என்றால் அதன் மேல் செயற்படும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்று பொருள். 30 பாகைச் சரிவில் உள்ள மண்ணை அதன் எடையில் சரிபாதி அளவு விசை ஓயாமல் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. மண் பாறையை அழுத்துகிறது. மூன்றாம் விதிப்படி பாறையும் மண்ணை அதே அளவு எதிர்த்து அழுத்துகிறது. இந்த அழுத்தம் மிகுந்தால் உராய்வும் மிகும் என்பதை 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோன்தோன் எடுத்துரைத்தார்.

மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினிக்கில் கோட்டை கட்டிய இராணுவப் பொறியாளர் கூலும், 1773-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் ஓர் ஆராய்ச்சியைப் படித்தார். மண்ணைத் தாங்கி நிற்பவை இரண்டு. ஒன்று துகள்களின் ஒட்டுதல், மற்றொன்று உராய்வு என்று அவர் காட்டினார்.

மழை நீரின் பங்கு மட்டும் தெளிவாகாமல் இருந்தது. ஓர் ஏக்கர் நிலத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 400 டன்னுக்கு மேற்பட்ட நீர் சேர்கிறது. இந்தச் சுமை ஒரு காரணமே. ஆயினும் முதற் காரணம் வேறு. கழுத்தளவு நீரில் நிற்பவனுக்குக் கால் தரையில் ஊன்றுவதில்லை. அவன் எடையின் பெரும்பகுதியை நீர் தாங்கிக்கொள்கிறது. மண் துகள்களின் இடைவெளியில் நிறையும் நீரும் இதையே செய்கிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. அதனோடு உராய்வும் குறைகிறது. 1925-இல் வெளிவந்த தம் நூலின் வாயிலாக டெர்சாகி என்னும் பொறியியல் அறிஞர் இவ்வுண்மையை நிலைநாட்டினார்.

இழுக்கும் விசை தாங்கும் விசையை மிஞ்சிய கணத்தில் நியூட்டனின் இரண்டாம் விதி ஆட்சிக்கு வருகிறது. மண்ணின் வேகம் நொடிக்கு நொடி பெருகுகிறது. உராய்வே இல்லையென்று கொண்டால், 100 மீட்டர் உயரம் இறங்கிய பொருள் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் எய்தும். உராய்வு அவ்வேகத்தைக் குறைப்பது உண்மையே. எனினும் எஞ்சிய வேகத்துக்கு முன் மனிதன் ஓடித் தப்புவது அரிது. ஆகவே, எச்சரிக்கை மண் நகர்வதற்கு முன்பே வர வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பின் மேல் மலை சரிந்தது. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழர். கயத்தாற்றுப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் பல. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 200-க்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

மலைச் சரிவில் குடியிருப்போர் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். மழை நீர் இறங்கும் இயற்கையான ஓடைகளை அடைக்கலாகாது. சரிவின் அடிமண்ணை வெட்டி மனை எடுக்கலாகாது. நிலத்தில் புதிதாக வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் திடீரெனச் சாய்ந்தாலும், தெளிந்த ஊற்று கலங்கி வந்தாலும், ஓடும் ஓடை மழைக்கிடையே சட்டென்று வற்றினாலும், தாங்கும் விசை தோற்றுக்கொண்டிருக்கிறது என்று அறிந்து, அப்பொழுதே குழந்தைகளோடும் முதியோரோடும் சரிவின் வழியை விட்டு விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். பொருளைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.