நான்காவது கணக்கு

தரைச்சக்கரம் செய்யும் சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: சும்மா கிடக்கும் சக்கரம் வேறு, சுழலும் சக்கரம் வேறு. கருந்துளைகளின் கணக்கும் சுழற்சி வந்த பிறகுதான் கடினமானது.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் முதலில் நினைவுக்கு வருபவர் லப்லாஸ். ஒளியே தப்ப முடியாத விண்பொருள் இருக்கலாம் என்று 1796-இலேயே எழுதியவர். ஐன்ஸ்டைன் 1915-இல் ஈர்ப்புச் சமன்பாடுகளைத் தந்தபின் அது முறையான கணக்காயிற்று. தோராயமாக அல்லாமல், பைசா பிசகாமல் போடும் கணக்கைத் ‘துல்லியத் தீர்வு’ என்பார்கள்.

முதல் தீர்வு 1916-இல் வெளிவந்தது. போர்முனையில் இருந்தபடியே ஜெர்மானியர் சுவார்ஸ்சைல்டு கண்டது; அதில் சுழற்சியும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. மின்னூட்டத்தை ரைஸ்னர் 1916-இலும் நார்ட்ஸ்ட்ரோம் 1918-இலும் சேர்த்தார்கள். சுழற்சியைச் சேர்க்க 1963 வரை ஆயிற்று. செய்தவர் நியூசிலாந்தின் ராய் கெர். 1965-இல் எஸ்ரா நியூமனும் உடனிருந்த ஐவரும் சுழற்சி, மின்னூட்டம் இரண்டும் உள்ள நான்காவது கணக்கை முடித்தார்கள். மின்னூட்டம் சுழன்றால் காந்தப்புலமும் கூடவே பிறக்கும்.

இந்த நான்கையும் ஒரே நூலில் ஆராய்ந்தவர் நம் தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910-இல் லாகூரில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிந்து தீர்ந்த நட்சத்திரம் நிலைத்து நிற்க எடை வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். 1935-இல் எடிங்டன் சபை நடுவே அதை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் வேறு துறைக்குப் போய்விட்டார். அறுபது வயதைத் தாண்டியபின் கருந்துளைக்கே திரும்பினார். 1983-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூல் வந்தது. அதே ஆண்டில் நோபல் பரிசும்.

கருந்துளையைச் சற்றே அசைத்தால் என்ன ஆகும் என்பதே நூலின் பெரிய கேள்வி. முதல் மூன்றுக்கும் வழி கிடைத்தது. நான்காவதில் ஈர்ப்பு அலையும் மின்காந்த அலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பிரிக்க முடியவில்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

முடியாத கோப்பை அலமாரிக்கு அடியில் செருகுவோரை என் குமாஸ்தா வாழ்வில் நிறையப் பார்த்திருக்கிறேன். நோபல் பரிசு பெற்றவர் தம் நூலிலேயே ‘நிலுவை’ என்று குறித்துவிட்டு, அடுத்தவர்களிடம் விட்டுப் போயிருக்கிறார். அந்த நிலுவையை இன்று கணினி வைத்துத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.