சமயமற்றோர் மறுமை: ஊவா மலையகத்தில்

சமயமற்றோர் மறுமை என்பது, எந்தச் சமயத்தையும் ஏற்காமல் இறந்தவரின் கதி பற்றி மறைநூல்கள் கூறுவது. பௌத்தம், சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் நான்கும் அருகருகே வாழும், இலங்கையின் ஊவா மலையகத்துப் பதுளையில் இதற்கு நான்கு விடைகள் உண்டு. ஆனால் இன்று நாம் சொல்லும் 'சமயமற்றவர்' அந்த நூல்களுக்குப் பழக்கமில்லாதவர். அவை அறிந்ததெல்லாம் மறுப்பாளரை மட்டுமே: வேதத்தை இகழ்பவர், மறுவுலகம் இல்லையென வாதிடுபவர், இறைத்தூதரைப் பொய்யரென்பவர். சாமியும் கும்பிடாமல், வாதும் செய்யாமல், கொழுந்து பறித்தே வாழ்ந்து முடிந்த ஒருத்தியை எங்கே சேர்ப்பது? பிற்கால உரைகாரர்களின் சங்கடமெல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இப்பகுதியின் மூத்த விடை பௌத்தத்தினுடையது. பதுளை நகரின் முத்தியங்கணை விகாரை, புத்தர் தமது மூன்றாம் இலங்கை வருகையில் வந்த இடமென மரபு கொண்டாடுகிறது. மறுமை மறுப்பைப் பாளி நூல்கள் தீய காட்சிகளுள், அதாவது தவறான கொள்கைகளுள், ஒன்றாக வைக்கின்றன. அக்காட்சி நரகத்துக்கோ விலங்குப் பிறப்புக்கோ இட்டுச்செல்லும் என்கின்றன. ஆயினும் அவற்றுள் மிகச் சுவையான நாத்திகனைத் தீக நிகாயத்தின் பாயாசி சூத்திரத்தில் காணலாம். சேதவ்யாவை ஆண்ட பாயாசி சோதனை செய்து பார்க்கும் ஆள். சாகக்கிடந்த கொடிய உறவினரிடம், நரகம் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்டுவைத்தான், ஒருவரும் வரவில்லை. திருடனொருவனைச் சாடிக்குள் அடைத்துக் கொன்று, மூடியைத் திறந்து உயிர் பறக்கிறதா என்று பார்த்தான். இன்னொருவனைச் சாவுக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தான். கொலைக்களத்துக் கைதிக்கு வீட்டுக்குப் போய்வர அனுமதி கிடைக்குமா, நரகத்திலிருந்து மட்டும் யார் விடுவார் என்று பிக்கு குமார காசியபர் மடக்குகிறார். கடைசியில் பாயாசி மனம் மாறித் தானம் செய்கிறான். கொடுத்ததோ நொய்க்கஞ்சியும் முரட்டுத் துணியும், அதுவும் வேண்டாவெறுப்பாக. மறுபிறப்பில் அவனுக்கு ஆளற்ற வெறும் மாளிகையே கிடைக்கிறது. அந்தத் தானத்தை மனமாரப் பரிமாறிய உத்தரன் என்ற இளைஞன் அவனைவிட உயர்ந்த தேவருலகில் பிறக்கிறான். நம்பிக்கையை ஏற்றபின்னும் கொடுத்த கையே எடை போடப்படுகிறது.

தமிழ்ப் பௌத்த காப்பியமான மணிமேகலை இதே வழியில் இன்னும் ஒரு படி போகிறது. கப்பல் உடைந்து நக்க நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவனிடம் நாகர் தலைவன், உடம்பை விட்ட உயிர் எங்கேயடா போய்ப் புகும் என்று சிரிக்கிறான். சாதுவன் தனக்குத் தெரிந்த விளக்கத்தைச் சொல்கிறான். ஆனால் அந்தத் தலைவனைத் துறவியாக்க முயலவில்லை. கள்ளும் ஊனும் இன்றி வாழ முடியாது என்ற அவனிடம், கப்பல் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூத்துத் தானே சாகும் விலங்கைத் தவிர வேறெதையும் தின்னாதே என்பதோடு நிறுத்துகிறான். அவனவனால் இயன்ற அறத்தை மட்டும் கேட்கும் இந்தப் பெருந்தன்மை நூலின் 27ஆம் காதையில் இல்லை. அங்கே, எல்லாம் வெறும் பூதங்களின் சேர்க்கையே என்னும் பூதவாதி ஒரு சிரிப்போடு தள்ளப்படுகிறான்.

சைவ, வைதிக நூல்களில் சொல் கடுமையானது, தண்டனை நிரந்தரமல்ல. இவ்வுலகம் மட்டுமே உண்டு என்பவன் மீண்டும் மீண்டும் தன் கையில் சிக்குவான் என்று கடோபநிடதத்தில் யமன் நசிகேதனிடம் சொல்கிறான். கீதையின் 16ஆம் அத்தியாயம் கடவுளை மறுப்போரை அசுர இயல்பினராக்கி, இழிபிறப்புகளில் தள்ளுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிற கொள்கைகளை மறுக்கும் பகுதியான பரபக்கத்தை, இவ்வுலகமே உண்டென்னும் உலகாயதனை மறுத்தே தொடங்குகிறார். வள்ளுவர் ஒருவர்தாம் வேறு வழி. உலகத்தார் உண்டென்பதை இல்லென்பவனை இம்மண்ணிலேயே பேயாக எண்ணுவார்கள் என்கிறார் 850ஆம் குறளில். செத்தபின் என்ன என்று அங்கே சொல்லவில்லை. கடவுளும் மறுபிறப்பும் வினைப்பயனும் பரிமேலழகர் உரைவழி உள்ளே வந்தவை.

கோப்பித் தோட்டங்களோடு கிறிஸ்தவமும் மலையேறியது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு நற்செய்தி கொண்டுசென்றது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருப்போர் அணையாத் தீக்கு உரியவர் என்று 1442இல் புளோரன்ஸ் சங்கம் அறிவித்திருந்தது. திருச்சட்டம் அறியாதவர்க்கு மனச்சாட்சியே சட்டம் என்ற உரோமையர் திருமுகத்தின் 2ஆம் அதிகாரமும், பசித்தவனுக்குச் சோறிட்டாயா என்றே கேட்கும் மத்தேயு 25ஆம் அதிகாரமும் அதே விவிலியத்தில்தான் இருக்கின்றன. கடவுளை வெளிப்படையாக அறியாமலே நேர்மையாக வாழ முயல்வோருக்கும் மீட்பு மறுக்கப்படாது என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றது. ஆனாலும் கதவு முழுதாகத் திறந்துவிடவில்லை. பிறவிப் பாவக் கோட்பாட்டை 1990இல் தம் நூலில் கேள்விக்குள்ளாக்கிய இலங்கைக் குரு திஸ்ஸ பாலசூரிய, 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, ஓராண்டு கழித்தே மீண்டும் சேர்க்கப்பட்டார்.

பதுளையின் புனித மாற்கு ஆலயம், 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த ஆங்கிலேய அதிகாரி மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்தது. அவர் சமயமற்றவரல்லர். ஊர்ப்பேச்சோ அந்தச் சாவுக்குக் காரணம் தேடுகையில், அவரது ஞானஸ்நானத்தை விட்டு, அவர் சுட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கணக்கில் எடுத்தது.

இஸ்லாத்தில், தூதரை அனுப்பாமல் தண்டிப்பதில்லை என்ற குர்ஆனின் 17:15 வசனமே விவாதத்தின் அச்சு. செய்தியே கேளாதவரையும் திரித்துச் சொல்லக் கேட்டவரையும், சரியாகக் கேட்டபின் புறக்கணித்தவரிடமிருந்து பிரித்தார் இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111). முதல் இரு வகையினருக்கு மன்னிப்பு உண்டென்பது அவர் கருத்து.

தோட்டங்களுக்கு நாத்திகம் இரு வழியாக வந்தது. ஒன்று இடதுசாரித் தொழிற்சங்கம். 1940இல் பதுளை அருகே வேவஸ்ஸ தோட்டப் போராட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். மற்றது சுயமரியாதை இயக்கம். அதன் தலைவர் பெரியார் 1932இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் பேசினார். பிற்பாடு ஏ. இளஞ்செழியன் தலைமையில் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையகத்தில் வேர்கொண்டது. 1962இல் அரசு அதைத் தடைசெய்தது. கொழும்பில் 1978இல் இறந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மறுமைக் கேள்விக்குத் தம் உயிலிலேயே விடை எழுதிவைத்தார்: கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவக் கல்விக்கு, எலும்புக்கூடு தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு.

லயத்தில் அப்படி உயில் எழுதும் வழக்கமில்லை. அங்கே மாரியம்மனோடு, தேயிலை ஆலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும் கவ்வாத்துக் கத்திக்குக் காவலான கவ்வாத்துச் சாமியும் குடியிருக்கிறார்கள். இச்சாமிகளுக்கு மறைநூல் கிடையாது. சாவு விழுந்தால் தப்பு அடிக்கிறார்கள், பாடை கட்டுகிறார்கள், பதினாறாம் நாள் கருமாதி. செத்தவர் எதை நம்பினார் என்பது கருமாதிச் செலவுக் கணக்கில் வருவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின் சமய அட்டவணையிலும் சமயமற்றோருக்குத் தனி நிரல் இல்லை. கடைசி நிரலின் தலைப்பு 'ஏனையவை'.