பிரபுவின் மாளிகையும் கர்த்தருடைய காவலும்

தியானப் பகுதி: சங்கீதம் 127



ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், செக் நாட்டு எல்லைக்கு அருகே, பெர்தல்ஸ்டார்ப் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பிரபுவின் மாளிகை உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேணுவாரின்றிச் சிதைந்து, இடிந்து விழும் நிலையை அது எட்டியது. 1998ஆம் ஆண்டில் அன்பர்கள் சிலர் ஒரு சங்கமாகக் கூடி அதைப் புதுப்பிக்கத் தொடங்கினர். நாடெங்கும் கைவிடப்பட்ட மாளிகைகள் எத்தனையோ இருக்க, இதை மட்டும் ஏன் தேடி வந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

1722ஆம் ஆண்டில், சின்சென்டார்ப் என்னும் 22 வயதுப் பிரபு இந்தப் பண்ணையைத் தம் பாட்டியாரிடமிருந்து விலைக்கு வாங்கினார். அதே ஆண்டில், மொரேவியா நாட்டில் விசுவாசத்தினிமித்தம் ஒடுக்கப்பட்டோர் சிலர் எல்லை கடந்து வந்து அவருடைய நிலத்தில் அடைக்கலம் கேட்டனர். அவர்கள் ஜான் ஹஸ் வழிவந்த சகோதர சபையின் வாரிசுகள். இடம் கொடுக்கப்பட்டது. ஜூன் 17 அன்று, கிறிஸ்டியன் டேவிட் என்னும் தச்சர் முதல் வீட்டுக்கான மரத்தை வெட்டினார். அக்குடியிருப்புக்கு ஹெர்ன்ஹட் என்று பெயரிட்டனர். கர்த்தருடைய காவல் என்பது அதன் பொருள்.

பெயர் பரிசுத்தமானது, வாழ்க்கையோ அப்படித் தொடங்கவில்லை. வெவ்வேறு சபைப் பின்னணியிலிருந்து வந்தவர்கள் உபதேசத்தைக் குறித்தும் வழிபாட்டு முறையைக் குறித்தும் கடுமையாகப் பிணங்கினர். துன்பத்தில் ஒன்றாயிருந்தவர்கள் பாதுகாப்பு கிடைத்ததும் பிரிந்து நின்றனர். நம் சபைகளிலும் நாம் காணாத காட்சியா இது?

1727இல் பிரபு, டிரெஸ்டன் நகரின் அரசுப் பணியை விட்டு விலகி வந்து அவர்கள் நடுவே தங்கினார். வீடு வீடாகச் சென்று பேசினார். மே மாதத்தில், ஒருவரோடொருவர் சகோதரராக வாழ்வதற்கான உடன்படிக்கையில் அனைவரும் கையொப்பமிட்டனர். ஆகஸ்ட் 13 அன்று பெர்தல்ஸ்டார்ப் ஆலயத்தில் திருவிருந்தில் பங்குபெற்றபோது உள்ளங்கள் உடைந்தன, பகைத்தவர்கள் ஒப்புரவாயினர். அம்மாத இறுதியில் ஒரு ஜெபச் சங்கிலி தொடங்கியது. பகலும் இரவும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆள் நியமிக்கப்பட்டு, அந்த ஜெபம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தது.

ஒப்புரவுக்குப் பின்னரே ஊழியம் புறப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 1732இல் லெயோன்ஹார்ட் டோபர் என்னும் குயவரும் டேவிட் நிட்ச்மன் என்னும் தச்சரும், அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க மக்களுக்கு நற்செய்தி சொல்ல மேற்கிந்தியத் தீவாகிய செயின்ட் தாமஸுக்குப் புறப்பட்டனர். 1760இல் அச்சபையின் சகோதரர் நம் தரங்கம்பாடிக்கே வந்து சேர்ந்து, அருகே ஒரு தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து வாழ்ந்தனர். அவர்கள் கரையிறங்கும் முன்பே, அவ்வாண்டு மே 9 அன்று சின்சென்டார்ப் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார். அச்செய்தி அவர்களை எட்டப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அவர்களுள் பலரை நோய் கொண்டுபோயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தோட்டமும் முடிவுக்கு வந்தது.

ஆம், பிரியமானவர்களே, மாளிகையும் சிதைந்தது, தோட்டமும் மறைந்தது. 1945இல், போரின் கடைசி நாட்களில், ஹெர்ன்ஹட்டின் நடுப்பகுதியும் தீக்கிரையானது. ஆயினும் அனுதின தியானத்துக்கென 1731ஆம் ஆண்டுக்கு அவர்கள் முதன்முதலாக அச்சிட்ட வேத வசன நூல், இன்றும் ஆண்டுதோறும் பல மொழிகளில் வெளிவருகிறது. அந்தச் சபையும் பல நாடுகளில் உயிரோடிருக்கிறது.

கர்த்தர் கட்டாத வீட்டுக்காகப் பாடுபடுவது வீண் என்றும், அவர் காவாத நகரத்தில் காவலாளி விழித்திருந்தும் பயனில்லை என்றும் சங்கீதக்காரன் உணர்த்துகிறான். அந்தப் பிரபு சுவர்களுக்காக மட்டும் உழைத்திருந்தால், அந்த இடிபாட்டை எவரும் தேடி வந்திருக்க மாட்டார்கள். அகதிக்குத் திறந்த நிலமும், பகைவனுக்கு நீட்டிய கரமும் நிலைத்தன.

நாமும் கட்டுகிறோம். ஆலயத்துக்குக் கோபுரம் எழுப்புகிறோம். பிள்ளைகளுக்கு வீடு கட்டி வைக்கிறோம். இந்த வாரம் அவற்றைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் வாசலில் அடைக்கலம் தேடி வருகிறவருக்கு அங்கே இடமுண்டா? வருகிற திருவிருந்துக்கு முன் நான் ஒப்புரவாக வேண்டிய சகோதரன் யார்? அவர் பெயர் இப்போதே உங்கள் நினைவுக்கு வருமானால், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராதேயுங்கள்.

கர்த்தர் தாமே உங்கள் இல்லங்களைக் கட்டி, காத்து, ஆசீர்வதிப்பாராக. ஆமென்.