கூட்டும் நாணயமும்

பலர் ஒன்றுகூடி ஒரு தொழிலை மேற்கொள்ளுமிடத்து அக்கூட்டத்துக்கு ஒரு பெயர் அமைகின்றது. அப்பெயரை ஆராய்ந்தால் அவர்களைப் பிணைத்தது யாது என்பது ஒருவாறு புலப்படும். தமிழில் வழங்கிய இத்தகைய பெயர்களின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

மதுரைக்கு அணித்தாயுள்ள மாங்குளத்து மலைக்குகையிலே கி. மு. 2ஆம் நூற்றாண்டளவிற் பொறிக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டொன்று உளது. வெள்ளறை நிகமத்தார் துறவியர்க்குச் செய்த கொடையை அது கூறும். நிகமம் என்பது வணிகர் சங்கத்தைக் குறிக்கும் பிராகிருதச் சொல். ஏறக்குறைய அதே காலத்தில் அநுராதபுரத்திலும் தமிழ் இல்லறத்தார் சிலர் தமக்கெனப் பொதுமண்டபம் ஒன்றை அமைத்திருந்தனர். அவரவர் இருக்கைக்குரிய இடத்தில் அவரவர் பெயரைப் பாறையிற் பொறித்தும் வைத்தனர். அவர்களுள் ஒருவன் நாவிகன், அதாவது மரக்கலத் தலைவன்.

தனிவழிச் செல்லும் வணிகனுக்குக் கள்வரால் அச்சமுண்டு. ஆதலின் வணிகர் தம் பொதிகளோடு கூட்டமாகவே சென்றனர். அக்கூட்டம் சாத்து எனப்பட்டது. கோவலனின் தந்தை மாசாத்துவான் என்னும் பெயரும், கண்ணகியின் தந்தை மாநாய்கன் என்னும் பெயரும், நிலவழி வாணிகத்தையும் கடல்வழி வாணிகத்தையும் முறையே நினைவூட்டுவன.

இடைக்காலத்திலே இக்கூட்டங்கள் விரிந்து பெருகின. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், வளஞ்சியர், நகரத்தார், ஐந்நூற்றுவர், நானாதேசி எனப் பல பெயர்கள் கல்வெட்டுகளிலே காணப்படுகின்றன. பல தேயத்தாரும் சேர்ந்த கூட்டம் என்பதை நானாதேசி என்னும் பெயரே உணர்த்தும். 849ஆம் ஆண்டிற் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட செப்பேடு, அதன் உரிமைகளைக் காக்கும் பொறுப்பை அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் ஒப்புவித்தது. அச்செப்பேட்டிற் சாட்சிகள் அரபு, பாகலவி, எபிரேய எழுத்துக்களிற் கைச்சாத்திட்டுள்ளனர். சுமாத்திராத் தீவின் பாரூசிலே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று, ஐந்நூற்றுவர் அங்கே கூடிக் கப்பலுடையோர் செலுத்தவேண்டிய கட்டணத்தை விதித்தமையைக் கூறும். வேற்று நாட்டுக் கரையிலே அவர்களுக்கு அரணாயிருந்தது ஒருவருக்கொருவர் கொடுத்த சொல்லேயாகும்.

கொடுத்த சொல்லின் பெறுமதியை ஈழநாட்டு வரலாற்றிலே பொலன்னறுவைக் கல்வெட்டொன்று நன்கு விளக்குகின்றது. உற்றவேளையில் உயிர்கொடுப்போம் எனச் சூளுற்ற படைவீரர் வேளைக்காரர் எனப்பட்டனர். முதலாம் விசயபாகு மன்னன் அவர்களைச் சோழருக்கெதிராகப் போருக்கேவியபோது அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மன்னன் அவர்தம் தலைவர்களைக் கடுமையாகத் தண்டித்தான் எனச் சூளவம்சம் கூறும். 1110ஆம் ஆண்டில் அம்மன்னன் இறந்தான். அதன்பின் புத்தர்பிரானின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பு அதே வேளைக்காரரை வந்தடைந்தது. இராசகுருவான பெருந்தேரர் வேண்ட, அவர்கள் தமக்கு மூதாதையராகக் கொண்ட வளஞ்சியரையும், தம்மோடு கூடிவரும் நகரத்தாரையும் அழைத்து, தம் மரபு உள்ளளவும் அக்கோயிலைக் காப்பதாகத் தமிழிலே கல்வெட்டி உறுதி கூறினர். ஒருகாற் குலைந்த நம்பிக்கை, பலர் கூடி ஏற்ற பொறுப்பினால் மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

வணிகர் குழுக்களின் பெயர்கள் 14ஆம் நூற்றாண்டின் பின்னர்க் கல்வெட்டுகளில் அருகின. எனினும் கூட்டு முயற்சி மக்கள் வழக்கில் மறையவில்லை. கரைவலை இழுப்போர் மீன்பாட்டின் பயனைச் சம்மாட்டிக்கும் தமக்குமாகப் பங்கிட்டனர். வயலிலே வாரமும், ஊரிலே சீட்டும், கடைவீதியிலே மகமையும் வழங்கின. ஆயினும் இவ்வழக்குகளுக்கு அடிப்படையான பங்கு என்னும் சொல்லிலிருந்தே பங்காளி என்பதும் பிறந்தது. பங்குக்குரியவனைக் குறித்த அச்சொல், காணிப் பிணக்குகளின் பயனாகப் பகைவன் என்னும் குறிப்பையும் பெற்றுவிட்டது. பங்கு மாத்திரம் மனிதரைச் சேர்த்துவைக்காது என்பதற்கு அச்சொல்லே சான்று.

1911ஆம் ஆண்டிலே இலங்கையிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. அடைமானம் வைக்க நகையோ நிலமோ இல்லாத உழவன் வட்டிக்காரனிடம் அகப்பட்டுத் தவித்த காலம் அது. தொடக்ககாலச் சங்கங்களிலே ஒருவர் பெற்ற கடனுக்கு அங்கத்தவர் அனைவரும் வரையறையின்றிப் பொறுப்பாளிகளாயினர். அதனால், அயலவன் குணத்தை அறிந்த ஊரவரே அவனுக்குப் பிணை நின்றனர். இச்சங்கங்களுக்குத் தமிழ் மக்கள் இட்டு வழங்கிய பெயர் ஐக்கிய நாணய சங்கம் என்பது.

நாணயம் என்பது காசையுங் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையுங் குறிக்கும். அநுராதபுரத்துப் பாறையிற் பெயர் பொறித்தவர் முதல் சங்கப் பதிவேட்டிற் கையொப்பமிட்ட உழவர் ஈறாக, கூடித் தொழில் செய்தோர் யாவருக்கும் முதலாக அமைந்தது அவ்விரண்டாவது நாணயமே எனலாம்.